ஒரு பூட்டு, இரண்டு துறைகள்

"ஆளுங்களை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டிட்டு தைக்கச் சொல்ற கம்பெனி அது. அதுக்கே மறுபடியும் ஆர்டர் குடுப்பீங்களா? கொஞ்சமாவது மனசு வேணாமா மேடம்?"

'தொழிலாளர் நலத் துறை' என்ற பெயர் அட்டைக்குப் பின்னால் இருந்த உயரமான மனிதர் மேசையைத் தட்டினார். தண்ணீர்க் குவளைகள் குலுங்கின.

எதிரே, 'கொள்முதல் துறை' அட்டைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் அசரவில்லை.

"மனசை வெச்சு டெண்டர் விட முடியாது சார். யார் விலை குறைவோ அவங்களுக்குத்தான் ஆர்டர். அரசாங்கப் பணம். நாளைக்கு ஆடிட்ல கேட்டா, உங்க மனசை எடுத்துட்டுப் போய்க் காட்டவா?"

இந்தப் பதிலை அந்த அறையின் சுவர்களே ஒப்பிக்கும். அத்தனை கூட்டங்களில் கேட்டாகிவிட்டது.

இருவருக்கும் நடுவில் ஒருங்கிணைப்பு அதிகாரி பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் பெரும்பாடு. அரசாங்கம் என்பது பெயருக்குத்தான் ஒன்று. உள்ளே போனால் ஒவ்வொரு துறையும் தனிக் குடித்தனம். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் வாசலைப் பூட்டியதற்காக ஒரு துறை அபராதம் போடுகிறது. விலை குறைவு என்பதற்காக இன்னொரு துறை அதற்கே ஆர்டர் கொடுக்கிறது. ஆர்டரில் வரும் லாபத்துக்கு முன்னால் அபராதம் ஒரு பஸ் டிக்கெட். முதலாளி சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு மறுபடியும் பூட்டுகிறார்.

தொழிலும் நடக்க வேண்டும், அதில் வேலை செய்யும் மனிதர்களும் நசுங்கக் கூடாது. அதற்கு எல்லாத் துறைகளும் ஒரே விதிக்குள் வர வேண்டும். மற்ற துறைகள் வந்துவிட்டன. இந்த இரண்டும்தான் பாக்கி. நாளைக் காலை புது டெண்டர் வெளியாகிறது. இன்று இரண்டு கையெழுத்தும் விழாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அதே கம்பெனி, அதே பூட்டு.

அந்தப் பூட்டை அதிகாரி நேரில் பார்த்திருக்கிறார். உள்ளே இருநூறு பெண்கள். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

"விலை எப்படிக் குறையுதுன்னு யோசிச்சீங்களா?" உயரமானவர் விடவில்லை. "வாட்ச்மேன் சம்பளம் மிச்சம். பூட்டுதான் வாட்ச்மேன்."

"அதைப் பாக்கத்தானே உங்க இன்ஸ்பெக்டர் இருக்கார்? அவர் என்ன பண்றார்?"

"போறார், பாக்கறார், எழுதறார்."

"முந்தின நாளே போன் பண்ணிட்டுப் போறார் சார். 'நாளைக்கு வர்றேன்'னு, ஏதோ விருந்தாளி மாதிரி. அவர் போறப்ப கதவு என்ன, ஜன்னல்கூடத் தொறந்திருக்கும். மேசை மேல பூ ஜாடி வேற. அந்த ஒரு தடவை பூட்டோட மாட்டினதுகூட, அன்னைக்கு அவங்களுக்கு போன் லைன் கிடைக்காததால."

உயரமானவரின் வாய் திறந்தபடி நின்றது. "நிஜமாவா?"

"பின்ன? சொல்லாம கொள்ளாம போய் நிக்கணும். அதைச் செய்யுங்க முதல்ல. அப்புறம் என் மனசைப் பத்திப் பேசலாம்."

'சொல்லாமல் போய்ச் சோதிப்பது' என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"சரி, அதைச் செய்யலாம்." உயரமானவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "நீங்க என்ன செய்வீங்க? விலையைத் தவிர வேற எதையும் பாக்க எங்களுக்கு அதிகாரமே இல்லைன்னு இன்னும் எத்தனை நாள் கதை விடுவீங்க? அதிகாரம் இருக்கு மேடம். தொழிலாளர் சட்டத்தை மீறின கம்பெனியை டெண்டர்ல சேர்க்காம விடலாம். கொள்முதல் விதியிலயே இருக்கு, கடைசியில, பொடி எழுத்துல. யாரும் அந்தப் பக்கம் போறதில்லை. போனா வேலை ஜாஸ்தி."

கண்ணாடி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி ஒரு விதி இருக்கா?"

"பல வருஷமா இருக்கு."

"இருந்துமா இத்தனை நாள் எங்களை…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி அவசரமாகத் தொண்டையைக் கனைத்துவிட்டு, எழுதியதைப் படித்தார்.

"முன்கூட்டிச் சொல்லாம சோதனை. அதுல தேறாத கம்பெனி எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் டெண்டர்ல சேராது. சம்மதமா?"

"நான் கேட்டதே அதுதானே" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"அப்போ கையெழுத்துப் போட்டுடலாம்." அதிகாரி எழுந்து இரண்டு பெயர் அட்டைகளையும் கையில் எடுத்தார். "ஒரு மணி நேரம் எதிர்த் துறைக்காக வாதாடிப் பாருங்கன்னு காலையில இதை மாத்தி வெச்சேன். போதும். கொள்முதல் சார், எழுந்து உங்க நாற்காலிக்கு வாங்க."

உயரமானவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பேனாவை இங்கயே குடுத்துடுங்க. அங்க போய் உட்கார்ந்தேன்னா, ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்த 'முடியாது'தான் மறுபடியும் வாயில வரும்."