இரண்டாம் பாடம்

“நீங்க நடத்தினது எந்தப் பாடம்னு உங்களுக்காவது தெரியுமா?”

மேடம் கேட்டதும் நெட்டை கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தான். மேலே கொட்டை எழுத்தில் இருந்தது: பாடம் இரண்டு.

தொலைந்தது என்று நினைத்துக்கொண்டான்.

இங்கிலீஷ் சொல்லித்தரப் போகும் புது ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி. கடைசி நாள்தான் பரீட்சை. இலவசமாக இங்கிலீஷ் படிக்க வரும் அக்கம்பக்கத்து ஆட்களில் நாலு பேருக்கு நாற்பது நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். யாராயிருந்தாலும் முதல் பாடம்தான்: பேர், ஊர், வேலை. நெட்டை பதற்றத்தில் உருவிக்கொண்டு ஓடியதோ, டாக்டரிடம் உடம்புக்கு என்னவென்று சொல்லும் பாடம்.

அந்தக் கூத்தை என்ன சொல்ல. இஸ்திரிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பல் வலி என்றார். மூன்று தடவை முட்டி மோதிய வாட்ச்மேன், நாலாவது தடவை நாளையிலிருந்து வயிற்று வலி என்று இங்கிலீஷில் கம்பீரமாக அறிவித்தார். வரப்போற வலிக்கு இன்னைக்கே மாத்திரையா என்று டெய்லர் அக்கா கேட்க, வகுப்பு சந்தைக்கடை ஆனது. டாக்டராக நடித்த மெக்கானிக், வந்தவர்களை எல்லாம் குனிந்து அடியில் பார்த்தார். நெட்டையும் விடவில்லை. தலைவலி, இடுப்புவலி, சுளுக்கு என்று ஒவ்வொன்றாக விழுந்து புரண்டு நடித்துக் காட்டினான். மணி அடித்தபோது பாதித் தாள்கூட முடியவில்லை.

காலையில் பாடம் நடத்தியவள் பயிற்சியிலேயே முதலாவதாக வரும் டாப்பர். அவளுக்குக் கிடைத்த நாலு பேர் வேறு. கேட்ட கேள்விக்கெல்லாம் அம்பு மாதிரி பதில். இருபது நிமிஷத்திலேயே பாடம் முடிந்துவிட்டதாம். வராந்தாவில் நெட்டையைப் பார்த்து, ஸ்டூடண்ட்ஸ் திணறினா தப்பு டீச்சர் மேலதான் என்று தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தாள்.

நெட்டையின் கவலை அதுவல்ல. திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை என்று ஒரு மாலைப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அம்மா தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. எம் புள்ள இங்கிலீஷ் வாத்தியாரு, இனிமே பட்டப்பேரு சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது என்று.

மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “பாடம் தப்பு. ஒரே சத்தம். அதுவும் பாதியில நிக்குது. நான் எப்படி பாஸ் போடறது, நீங்களே சொல்லுங்க.”

பேனா ஃபெயில் கட்டத்தை நோக்கி இறங்கியது.

கதவு திறந்து டெய்லர் அக்காவின் தலை நுழைந்தது. அதற்கு மேலே வாட்ச்மேன் தலை. பின்னால் மற்ற இரண்டும்.

“மேடம், தம்பிய ஃபெயிலாக்கப் போறீங்களா?”

“உங்களுக்கு ஒண்ணுமே வரலையேம்மா. காலையில அவங்க நாலு பேரும் எப்படி டக்குடக்குன்னு சொன்னாங்க?”

“சொல்லாம? அவங்களும் எங்கள மாதிரி பழைய ஆளுங்கதான். எங்களுக்கு இது ஒன்பதாவது பேட்ச் மேடம். யாரு வந்தாலும் பேரென்ன ஊரென்னன்னு கேட்டுட்டு, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயிடறாங்க.”

தூக்கத்தில்கூட மை நேம் ஈஸ் என்றுதான் உளறுவதாக வாட்ச்மேன் ஒப்புக்கொண்டார். வேண்டுமானால் வீட்டுக்காரியைக் கேட்கலாமாம்.

மேடத்தின் பேனா அந்தரத்தில் நின்றது.

“பாவம், வர்ற புள்ளைங்க பாஸாகட்டும்னு ஒவ்வொரு தடவையும் அப்பதான் கத்துக்கிட்ட மாதிரி சொல்லிட்டிருந்தோம்,” என்றாள் அக்கா. “எங்களுக்குத் தெரியாத ஒண்ண ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது இன்னைக்குத்தான் மேடம்.”