கருவாட்டு வாடை

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த எக்ஸாஸ்ட் வேலைக்கு ஆகல. ஆபீஸ் பூரா கருவாட்டு வாடை. சில நேரம் இழுக்குது, சில நேரம் இழுக்கல" என்று போனில் குமுறினார் முத்துச்சாமி.

டெய்சிக்குச் சுருக்கென்றது. தாடிக்கொம்பு ரோட்டில் பூட்டுக்கு முலாம் போடும் அவர் கம்பெனிக்காக அவள் மாய்ந்து மாய்ந்து வரைந்த டிசைன் அது. தொட்டியிலிருந்து கிளம்பும் ஆசிட் ஆவி, வேலையாட்கள் முகத்துக்கு ஏறும் முன்னால் விளிம்பிலேயே இழுபட்டு வெளியே போய்விடும். அதைப் போய் ஒரு கருவாடு கவிழ்த்துவிட்டது என்றால், திண்டுக்கல்லில் இன்னொருத்தர் அவளை நம்பி வேலை கொடுப்பாரா?

அடித்துப் பிடித்து ஓடினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாள். நூல் விறைப்பாக உள்ளே இழுபட்டது. டிசைனில் குறை இல்லை.

அப்புறம் வாடை எங்கிருந்து? மூக்கு போன வழியே போனாள். முதலாளி ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு தகர டப்பா. திறந்தாள். நெத்திலிக் கருவாடு.

"யாரோடது இது?"

தொட்டியில் பூட்டுகளை முக்கிக்கொண்டிருந்த ராமுத்தாய், கையுறையோடு கையைத் தூக்கினாள். "நம்மளுதுதான் மேடம்."

"ஏக்கா, ஆசிட் புழங்குற எடத்துல திங்கிற சாமானை வைக்கலாமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உங்க நாக்கு ருசிக்கு என் பொழப்புதான் கெடச்சுதா?"

"யாரு மேடம் திங்கிறா? மூணு மாசமா அதே கருவாடுதான் கெடக்கு."

"பெறகு எதுக்கு?"

ராமுத்தாய் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கரண்டு பில்லு ஏறுதுன்னு மொதலாளி மோட்டாரை நிறுத்திப்புடுறாரு. நெஞ்சு எரியுது, இருமுதுன்னு அம்புட்டுப் பேரும் சொல்லிப் பாத்தோம். காதுலயே வாங்கல. இந்த மூடியைத் தொறந்தா, மூக்கைப் பொத்திக்கிட்டு அவரே ஓடியாந்து போட்டு விடுறாரு. மோட்டார் ஓடுனதும் நான் மூடிருவேன்."

"என்ன மேடம், கண்டுபிடிச்சீங்களா?" ஜன்னலில் முத்துச்சாமியின் தலை தெரிந்தது.

டெய்சி டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். மோட்டாரை நிறுத்துனாத்தான் வாடை வருது. வேலை நடக்குற வரைக்கும் நிறுத்தவே கூடாது."

தலை உள்ளே போனதும் ராமுத்தாயின் காதருகே குனிந்தாள்.

"இது வாடை செத்துப்போச்சுக்கா. நாளைக்கு நல்ல வாளைக் கருவாடா நானே வாங்கியாரேன்."