எடித் ரீச்சர் பாடியது

பந்தலுக்குள் இருந்த எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒன்றிலும் எடித் ரீச்சரின் குரல் இல்லை.

ரீச்சர் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, சனம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தது. ரீச்சரின் மகள் நிறஞ்சலா கதிரை கதிரையாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா பாடினது ஏதும் கிடக்கோ? ஒரு வரியெண்டாலும் காணும்.”

நாளை மறுநாள் அவள் ஜேர்மனிக்குத் திரும்ப வேண்டும். தாயின் சேலை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, சுருதிப்பெட்டி இருக்கிறது. குரல்தான் இல்லை.

பேசாலையில் பாடத் தெரிந்த எவரைக் கேட்டாலும் எடித் ரீச்சரின் பெயரைத்தான் சொல்வார்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நிற்பார். கூட்டத்தோடு கூவுகிற பிள்ளைகளில் நல்ல தொண்டை எதுவென்று காதாலேயே பிடித்துவிடுவார். பிறகு அந்த வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பாட அனுப்பும்வரை எழும்ப மாட்டார்.

ஆனால் வீடியோக்களில் எல்லாம் பிள்ளைகள்தான் பாடுகிறார்கள். ரீச்சர் என்றால் ஓரத்தில் தாளம் போடும் ஒரு கை, அவ்வளவுதான்.

யாராவது போனைத் தூக்கினால் பாதி வரியில் நிறுத்திவிடுவார். பிள்ளையை எடுங்கோ என்பார். மகளுக்கு வட்ஸ்அப்பில்கூட எழுத்துத்தான், குரல் அனுப்பியதே இல்லை. அப்படி ஒரு பிடிவாதக்காரி. வேலிக்கு இந்தப் பக்கம் காலமெல்லாம் குடியிருந்தவன் சொல்கிறேன்.

“கிறகரி மாமா, நீங்களுமோ ஒண்டும் பதியேல்லை?”

இல்லை என்று தலையாட்டினேன். ரீச்சர் கிணற்றடியில் பாடுவதைக் கேட்டபடிதான் என் காலைத் தேத்தண்ணீர். அதைப் பதிந்து வைக்க வேண்டுமென்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் அன்ரனி தன் போனில் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதில் ரீச்சர் இருமுகிறார். அந்த இருமலை நிறஞ்சலா திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்க மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படலையடியில் ஒரு மரக்கறி ஓட்டோ வந்து நின்றது.

கூரையில் ஸ்பீக்கர் வேறு. என்ன கோதாரி இது, செத்த வீட்டுக்கு முன்னாலோ யாவாரம் என்று நான் எழும்பிப் போனேன்.

“தம்பி, இஞ்ச இண்டைக்கு ஒண்டும் வேண்டாம். போங்கோ.”

தொப்பி போட்ட ஓர் இளந்தாரி இறங்கி நின்று ஏதோ சொன்னான். வெறும் காற்றுத்தான் வந்தது. கழுத்தில் ஒப்பரேஷன் செய்த தழும்பு. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

பெயர் றம்ஸீன். ஊர் மறிச்சுக்கட்டி. ரீச்சர் அந்தப் பக்கம் படிப்பித்த காலத்தில் சங்கீத வகுப்புக்கு வந்த ஒரே பிள்ளை இவன்தானாம். மற்றவர்கள் எல்லாரும் சித்திரத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளைக்காக அந்த மனுசி அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார்.

“ரீச்சர் மௌத்தானது நேத்துத்தான் தெரியும். வீட்டாக்களிட்ட ஒண்டு கேக்க வேணும்.”

நான் நிறஞ்சலாவைக் கூப்பிட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். தொண்டையில் கத்தி வைத்த பிறகு கூவி விற்க முடியாமல் போய்விட்டது. யாவாரம் படுத்துவிட்டது. போன வருடம் ரீச்சரிடம் வந்து அழுதிருக்கிறான். அவர் உடனே போனைக் கொண்டா என்றாராம்.

“அதைத்தான் ஒவ்வொரு நாளும் போட்டு விக்கிறன். இனியும் போடலாமோ, இல்லாட்டி பிழையோ எண்டு கேக்கத்தான் வந்தனான் அக்கா.”

நிறஞ்சலா ஓட்டோவுக்குக் கிட்டப் போனாள். போடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

கத்தரிக்காய் வந்தது. வெண்டிக்காய் வந்தது. பூசணிக்காயும் பயித்தங்காயும் வந்தன. ஒவ்வொன்றும் சுருதி சுத்தமாக, வாய் நிறைய. எனக்கு ராகம் தெரியாது. அன்ரனிதான் மோகனம் என்று முணுமுணுத்தான். ஒரு வரி பதிய விடாத மனுசி, வாழைக்காயை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோய், அங்கே நின்று விளையாடினார்.

மறிச்சுக்கட்டியில் கைக்குழந்தைக்கும் தெரிந்த குரல். இங்கே நாங்கள் ஓர் இருமலை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

மரக்கறி எல்லாம் முடிந்து, பேச்சு வந்தது.

“காணுமோ மகன்? எனக்கு மூச்சு வாங்குது. நிப்பாட்டு.”

அவன் அதை வெட்டாமல் விட்டிருக்கிறான்.

நிறஞ்சலா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

பதிவு மறுபடியும் கத்தரிக்காயிலிருந்து தொடங்கியது. றம்ஸீன் பதறிப்போய், அதை நிறுத்தக் கையை நீட்டினான்.

அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு பெண் பையோடு அவசரமாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

நிறஞ்சலா முகத்தைத் துடைத்தாள்.

“நிப்பாட்டாதேங்கோ தம்பி. ஆக்கள் வருகினம்.”