படம் எடுத்தவர் பெயர்

வாரப் பத்திரிகையின் புகைப்படப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். செஞ்சி கடைத்தெரு ஸ்டூடியோவில் ஸ்ரீபாலும் ராஜாராமும் கட்டிப் புரளாத குறை.

“கேமரா என்னுது. என் பேரைப் போடுண்ணா!” என்றான் ஸ்ரீபால்.

“அதை ராஜகிரிக் கோட்டை உச்சி வரைக்கும் தூக்கினு போனது யாரு? என் பேரைப் போடுண்ணா!”

ஸ்டூடியோக்காரர் குணபாலன், கழுவிய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாடா இது? படத்துல ரெண்டு பேரும் வாழைப்பழத்தை நீட்டிக் கெஞ்சினு நிக்கிறீங்க. அப்ப எடுத்தது யாரு?”

ஸ்ரீபால் தலையைச் சொறிந்தான். “குரங்குண்ணா. கேமராவைப் பிடுங்கினு மதில்மேல ஏறிடுச்சு.”

“அப்ப படம் அதோடது. அது பேரைத்தான் போடணும்.”

“அதெப்படி?” ராஜாராம் துள்ளினான். “பழம் வாங்கினது நான். கூலி குடுத்து எடுக்க வெச்சிருக்கேன்ணா!”