பாதிப் பாட்டு

நோயை இறக்கும் பாட்டுக்கு முடிவு உண்டு, கண்ணுகளா; மாதேவிக்குத்தான் அது தெரியாது. பாதியில் நிறுத்தினால் நோய் உடம்பிலேயே தங்கிவிடும் என்பது மட்டும் அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். ‘வீட்டுக்குக் கொண்டுபோங்க’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்ட மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாளத்துக்கு இரும்புக் குழலைக் கம்பியால் உரசியபடி, தெரிந்த அடிகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்தே பாடினாள்.

“ஏ பிள்ளே, பாட்டு முடியுமா, எங்க காது முடியுமா?” என்றான் பக்கத்துக் குடிசை ஈச்சன்.

“முடிவு ஒங்க அய்யாவோட போச்சுண்ணே. அவரு பாடுனப்ப சிரிச்சவங்கதானே நாம.”

உச்சிவெயிலில் அவள் குரல் அடைத்துவிட்டது. ஈச்சன் வந்து குழலைப் பிடுங்கினான். வீசப் போகிறான் என்று பதறினாள். அவனோ சம்மணமிட்டு முதல் அடியைத் தொடங்கினான்.

மகள் கண் திறக்கவில்லை. வாசலில் இன்னும் இரண்டு பேர், பாடுவதற்குத் தங்கள் முறைக்காக வந்து உட்கார்ந்தார்கள்.