கால் ஆடும் கதிரை

தங்கரத்தினம் மூன்று நாளாகத் தன் திருகோணமலை வீட்டைத் தேய்த்துக் கழுவினாள்.

"பண்டாரவளை ஆக்கள் இந்தக் கால் ஆடுற கதிரையைப் பார்த்து என்ன நினைப்பினம்?"

"அவை கடல் பார்க்க வருகினம். கதிரை பார்க்கவே?" என்றார் கணவர் ஞானசேகரம், துறைமுகக் கந்தோர்க் கிளாக்கர்.

கதிரையைச் சுவரோடு சாத்தினாள். பிறகு இருவரும் வீட்டைப் பூட்டி, திறப்பை அயலில் கொடுத்துவிட்டு றெயில் ஏறினார்கள்.

மறுநாள் பண்டாரவளைக் குளிரில் அந்த ஆக்களின் வீட்டைத் திறந்தார்கள். லொட்ஜ் எடுக்க வசதியில்லாத இரண்டு கிளாக்கர் குடும்பங்கள், விடுமுறைக்கு ஒரு கிழமை வீடு மாற்றிக்கொண்டிருந்தன.

தங்கரத்தினத்தின் முகம் இன்னும் தெளியவில்லை. மேசையில் ஒரு கடிதம் இருந்தது.

"அக்கா, எங்கட கட்டிலைப் பார்த்துச் சிரிக்காதேங்கோ. ஒரு காலுக்குச் செங்கல்தான் வைச்சிருக்கு."

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, இனித்தான் எனக்கு நித்திரை வரும்!"