மூணு மணி ‘வீடு’

“பதினேழு, வீடு” என்றது வயர்லெஸ் செட்.

மணி சரியாக மூன்று. கன்ட்ரோல் அறையில் இருந்த அக்கா உச்சுக் கொட்டியபடி பதினேழாம் வண்டிக்கு எதிரே ஒரு கோடு போட்டாள்.

அந்த டாக்ஸி கம்பெனியில் ‘வீடு’ லேசுப்பட்ட வார்த்தை இல்லை. மைக்கில் அதைச் சொல்லிவிட்டால் அந்த வண்டிக்கு ஒரு மணி நேரம் சவாரி தர மாட்டார்கள். செட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், குப்புறப் படுத்துத் தூங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். வேறு எங்காவது போவதற்கு அதைச் சொன்னது தெரிந்தால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கென்று எல்லாரும் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கடைசி நிமிஷத்தில் ஊர்க்கோடிக்கு ஒரு சவாரி வந்து உயிரை வாங்கும். பதினேழு மட்டும் மூன்று மாதமாகப் பட்டப்பகலில் அதைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாற்பத்தொண்ணு பேசறேன். இன்னிக்கு மாட்டினார்.”

நாற்பத்தொன்றாம் வண்டிக்காரனுக்கு அங்கே ‘சட்டம்’ என்று பெயர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். நிற்காதவனின் நம்பரைக் குறித்துக்கொள்வான்.

“அவர் வீடு தெற்குப் பக்கம். வண்டி பாலம் ஏறி வடக்கால போகுது. பின் சீட்டுல ஆள் வேற. நான் அப்பவே சொன்னேன்ல, கள்ளச் சவாரின்னு. பின்னாலயேதான் போறேன்.”

“யாருப்பா உள்ள?”

“கண்ணாடியில வெயில் அடிக்குது. தலை மட்டும்தான் தெரியுது.”

அவ்வளவுதான். கம்பெனி வண்டிகள் அத்தனைக்கும் ஒரே அலைவரிசை. எல்லாருக்கும் சாப்பிட்ட தூக்கம் பறந்துவிட்டது.

“விடாத சட்டம், நெருங்கிப் போ.”

“நெருங்காத, பார்த்துடுவார். நடுவுல ஒரு வண்டிய விடு.”

“பாலம் இறங்கினதும் எந்தப் பக்கம்? சொல்லேன்ப்பா, இங்க கஸ்டமரும் கேக்கறாரு.”

“எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?” என்றாள் அக்கா. “தம்பி, அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணு காலேஜ் படிக்குது. நீ சொல்றது நிஜம்னா இன்னிக்கே வேலை போயிடும். நல்லாப் பார்த்துச் சொல்லு.”

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா.”

பெட்ரோல் பங்க் தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, பதினேழு பறந்தார். சந்தை முனையில் சிவப்பு விழுந்தது. பதினேழு தப்பித்துவிட்டார். நம்ம சட்டம் ஒரு வினாடி யோசித்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளக்கைத் தாண்டினான். அதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை.

“லெஃப்ட் எடுக்கறார்... சந்துக்குள்ள போறார்... மிக்சி ரிப்பேர் கடை...”



“என்னப்பா ஆச்சு?”

“அக்கா, இது எங்க தெரு.”

“அட, நல்லதாப் போச்சு. யார் வீட்டு வாசல்ல நிக்குது?”

சட்டம் தெரு முனையிலேயே நிறுத்தி, மைக்கைக் கீழே வைத்தான்.

பதினேழின் வண்டி சரியாக நிற்பதற்குள் பின்கதவு திறந்தது. சூப்பர் மார்க்கெட் சீருடை, கழுத்தில் ஆடுகிற அடையாள அட்டை. சட்டத்தின் மனைவி இறங்கி, சட்டத்தின் வீட்டுக்குள்ளேயே ஓடினாள். தெரு முனையில் நின்ற புருஷன் வண்டியை அவள் கவனிக்கவே இல்லை. வாசலில் அவன் தங்கை, வீறிட்டு அழுகிற ஏழு மாதக் குழந்தையோடு தயாராக நின்றிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

மத்தியானத்தில் பிள்ளை எப்படிப் பசியாறுகிறது என்று அவன் இதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

இறங்கிப் போனான். பதினேழு பயப்படவெல்லாம் இல்லை. “வாப்பா” என்றார்.

“என்னண்ணே இது?”

“கடையில முக்கால் மணி நேரம்தான் விடறாங்களாம். ரெண்டு பஸ் மாறி வந்துட்டுப் போக அது எங்க பத்தும்? புள்ள புட்டிப்பாலைத் தொட மாட்டேங்குதாமே. ஒரு நாள் உன் வீட்டுக்காரம்மா பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. அன்னிலேருந்து நான்தான் கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டுபோய் விடறேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“உன்கிட்டதான்ப்பா முதல்ல கேட்டுச்சாம். ‘உன்னை ஏத்திக்கிட்டுப் போறதுக்கெல்லாம் வீடுன்னு சொல்ல முடியாது, அது தப்பு’ன்னு சொன்னியாம். அதுக்கப்புறம் அது எப்படி வாயைத் திறக்கும்?”

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான்.

தெரு முனையில் திறந்து கிடந்த அவன் வண்டிக்குள்ளிருந்து செட் கத்தியது. “நாற்பத்தொண்ணு, இருக்கியா இல்லையா? மேனேஜர் பக்கத்துலயே நிக்கறார். பதினேழு வீட்டுக்குத்தான் போனாரா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

அத்தனை வண்டிகளும் மூச்சு விடாமல் காத்திருந்தன.

சட்டம் திரும்பிப் போய் மைக்கை எடுத்தான்.

“எழுதிக்குங்கக்கா. பதினேழு வீட்டுக்குத்தான் வந்திருக்கார். மூணு மாசமா வராம இருந்தது நான்தான்.”